இறங்கிக் குளிப்பதா, ஏறிக் குளிப்பதா? ஆகாய கங்கை, கிளியூர், கோவைக் குற்றாலம்: ஓர் ஒப்பீடு

சேலம், நாமக்கல், ஈரோடு, கோவைப் பக்கத்தில் மழை ஓய்ந்ததும் வீட்டுக்கு வீடு கிளம்பும் கேள்வி இது. வெயில் படாமல் கொஞ்சம் காட்டுக்குள் நடக்க வேண்டும், நடந்து முடித்த இடத்தில் ஓர் அருவி இருக்க வேண்டும், அதில் குளிக்கவும் வேண்டும். எங்கே போகலாம்? கேட்பவர் தனி ஆளாக இருப்பது அபூர்வம். கூடவே மாமியார், பத்து வயதுப் பையன், முழங்காலைப் பிடித்துக்கொண்டே நடக்கும் சித்தப்பா என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் இருப்பார்கள்.

இதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் உயரக் கணக்கில் ஆரம்பிக்கும். அது 300 அடி, இது 200 அடி, அதனால் அதுதான் பெரிது என்று. உயரம்தான் அளவென்றால் கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டியை ஓரம் கட்டி, எதிர்மலையில் வெள்ளிக் கோடாகத் தெரியும் தலையாறு அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். 975 அடி என்கிறார்கள். ஆனால் அதில் தலை நனைக்க முடியாது. நடந்துபோய்க் குளித்து வருகிற ஆட்களுக்கு உயரத்தைவிட வேறு இரண்டு விஷயங்கள்தான் முக்கியம் என்பது என் கட்சி. ஏற்றம் போகும்போது வருகிறதா, திரும்பும்போது வருகிறதா? அப்புறம், அந்த ஓடை எந்த மழையை நம்பி ஓடுகிறது?

கொல்லிமலை ஆகாய கங்கை, ஏற்காடு கிளியூர், சிறுவாணிக் காட்டிலுள்ள கோவைக் குற்றாலம் மூன்றையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

ஆகாய கங்கையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மூன்றில் அசல் மலையிடுக்குக்குள் விழுவது அதுதான். கொல்லிமலையின் மேல்பரப்பு சமவெளி மாதிரி விரிந்து கிடக்கும். நெல், மரவள்ளி, மிளகு, காபி, பலா எல்லாம் அங்கேயே விளைகின்றன. அந்தப் பரப்பில் சாதுவாக ஓடிவரும் ஐயாறு, அறப்பளீசுவரர் கோவிலைத் தாண்டியதும் பாறை விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட 300 அடி ஆழத்துக்கு விழுகிறது. விழுகிற இடம் மூன்று பக்கமும் பாறைச் சுவர் எழும்பிய ஒரு கிடங்கு. நாம் நிற்கும் கோவில் மேலே, அருவியின் அடி கீழே. நடுவில் இருப்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்.

எத்தனை படி என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். அதை விடுங்கள். ஒரு படி அரை அடி என்று குறைத்து வைத்தாலும் 500 அடி, அதாவது லிஃப்ட் இல்லாத ஐம்பது மாடிக் கட்டடம். பழனிக்குப் படி ஏறியவர்களுக்கு எழுநூறு படி என்றால் என்ன என்று தெரியும். ஆனால் பழனியில் தெம்பாக இருக்கும்போது ஏறுகிறோம், கும்பிட்டு முடித்துப் பஞ்சாமிர்தத்தோடு இறங்குகிறோம். இங்கே வரிசை தலைகீழ். சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கலாம், படமெடுக்கலாம், குழந்தை முன்னால் ஓடும். அருவியில் ஒரு மணி நேரம் குளித்துப் பசி எடுத்து, துணி ஈரமாகி, கால் தளர்ந்த பிறகுதான் அந்த ஐம்பது மாடி நம் முன்னால் நிற்கும். இறங்கும்போது, எதிரே ஏறி வருபவரிடம் "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று கேட்டால் "இதோ வந்துடுச்சு" என்பார். அது பொய் என்று அவர் முகமே சொல்லும்.

இறங்குவதும் அவ்வளவு இலவசம் இல்லை. ஏற்றத்தில் வேலை செய்வது இதயமும் மூச்சும். இறக்கத்தில் உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிப்பது முழங்காலும் தொடைத் தசையும். படிகள் ஒரே உயரத்தில் இல்லாததால் ஒவ்வொரு அடியிலும் கால் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும். அதனால்தான் அடியில் போய் நின்றதும் தொடை நடுங்குகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு உண்மையான ஆபத்து இறங்கும்போதுதான். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஏறும்போது. ஆக, இரண்டில் எந்தக் குறை இருந்தாலும் இந்த அருவி அவர்களுக்கானது இல்லை.

மேலே கோவில் பக்கம் முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலெல்லாம் ரோமம் மூடி ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். இத்தனை படி உள்ள இடத்துக்கு வாசலில் அந்தக் கடையை வைத்தவருக்கு வியாபாரம் தெரியும். மிளகு தூக்கலாக, சூடாக நன்றாகவே இருக்கும். ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் சித்தப்பாவை இறக்கிவிடாதீர்கள்.

நிழல் விஷயத்தில் ஆகாய கங்கையை அடிக்க முடியாது. படிகளின் இருபக்கமும் மரம், இறங்க இறங்கப் பாறைச் சுவர் உயர்ந்து வெயிலை மறைத்துவிடும். கீழே குட்டையில் வெயில் நேராக விழுவது உச்சிவேளையை ஒட்டித்தான். இதில் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. இடுக்குக்குள் நிழல் இருக்கும் அளவுக்குக் காற்று இருக்காது. சாரலின் ஈரமும் சேர்ந்துகொள்வதால் ஏறும்போது வேர்வை காயாது. வெயிலே படாமல் ஒருவர் களைத்து உட்கார்ந்துவிடுவது இப்படித்தான். தண்ணீர் பாட்டிலைக் கீழேயே காலி செய்துவிடாமல் பாதியை ஏற்றத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்கு வாங்கிக்கொள்ளும். முதுகில் மாட்டிக்கொள்வது நல்லது.

அருவியின் அடியில் நிற்கும்போது கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் அதிகமாக இருக்கும் நாட்களில் அருவிக்குக் கீழே போகக்கூட வேண்டாம், தூரத்தில் நின்றாலே சாரல் முழுக்க நனைத்துவிடும். பேச்சுச் சத்தம் கேட்காது. நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு துண்டுதான் தெரியும். ஆகாய கங்கை என்ற பெயரை வைத்தவர் கீழே நின்றுதான் வைத்திருக்க வேண்டும். மேலே கோவிலில் நிற்பவருக்கு இது வெறும் ஐயாறு.

கிளியூரை இத்தனை நீளமாக எழுத முடியாது. ஏற்காடு ஏரியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. இதுவும் 300 அடி என்று சொல்லப்படும் அருவிதான், இதுவும் இறங்கிப்போய்ப் பார்த்து ஏறி வருவதுதான். ஆனால் ஆகாய கங்கையோடு பார்த்தால் இறக்கம் மிகக் குறைவு. சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களை ஒட்டிய பாதை என்பதால் ஓரளவு நிழலும் உண்டு. அப்படியானால் இதைத்தானே எல்லாருக்கும் சொல்ல வேண்டும்? சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் உபரிநீர்தான் கிளியூரின் பெரும் வரவு. ஏரி நிரம்பாத மாதங்களில் பாறையில் ஒரு ஈரக்கோடு மட்டும் இருக்கும். கோடையில் மலர்க் கண்காட்சிக்காக ஏற்காடு வருகிறவர்கள் அப்படியே அருவிக்கும் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வருவது வருடா வருடம் நடக்கிறது. எளிதான சோதனை ஒன்று: ஏற்காட்டுக்கு வந்ததும் முதலில் ஏரியைப் பாருங்கள். கரை தெரியாமல் தளும்பினால் கிளியூருக்குப் போகலாம். இல்லாவிட்டால் படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பக்கோடா சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம். கிளியூருக்கென்றே சேலத்திலிருந்து மலை ஏற நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏற்காட்டில் இருக்கும்போது, அதுவும் மழைக்குப் பின் போய்ப் பார்க்கும் இடம் அது.

கோவைக் குற்றாலம் வேறு ரகம். நகரத்திலிருந்து மேற்கே 35 கிலோமீட்டர் அளவில், சிறுவாணி மலையடிவாரக் காட்டுக்குள் இருக்கிறது. நொய்யலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஓடைகளில் ஒன்று இங்கே பல அடுக்காக விழுகிறது. இங்கே முழு ஆட்சி வனத்துறையுடையது. சாடிவயல் சோதனைச் சாவடியோடு நம் வண்டி நின்றுவிடும். டிக்கெட் எடுத்து, பையில் பிளாஸ்டிக், மது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகு வனத்துறை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வேன் விட்ட இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கு நடை. பெரிய மரங்களுக்கு அடியில், ஓடைச் சத்தம் கூடவே வர, மெல்ல மெல்ல மேலே போகும் பாதை. ஏற்றம் போகும்போது, இறக்கம் வரும்போது. பழனியின் வரிசை. ஒரு பாட்டி நின்று நின்று ஏறினாலும், எங்கே முடியவில்லையோ அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம், திரும்பிப் போக இறக்கம்தான் இருக்கிறது என்ற நிம்மதி உண்டு. ஆகாய கங்கையில் அந்த நிம்மதி கிடையாது. பாதிப் படி இறங்கி முடியாமல் போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும்.

குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகும் வேனுக்கு மூன்றில் இதுதான் பொருத்தம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. குளிக்கும் இடத்தில் கம்பித் தடுப்பு இருக்கும், ஊழியர் நிற்பார்கள், நேரமானால் விசில் அடித்து வெளியே அனுப்புவார்கள். குறையும் இதில்தான் இருக்கிறது. நமக்கு வேண்டிய நேரத்துக்குப் போக முடியாது, வேண்டிய நேரம் வரை இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையில் வேனுக்கு நிற்கும் வரிசையிலேயே பாதி உற்சாகம் போய்விடும். கூட்டத்துக்குப் பயந்து திங்கட்கிழமை போகலாம் என்று லீவு போடாதீர்கள், அன்றைக்கு அங்கே விடுமுறை. செவ்வாய், புதன் உத்தமம். யானை நடமாட்டம் என்றாலும் மூடிவிடுவார்கள். அது அவற்றின் காடு, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் அட்டை ஏறும், காலில் கொஞ்சம் உப்பு அல்லது மூக்குப்பொடி தடவிக்கொள்வது பழைய வழக்கம்.

இப்போது மழைக் கணக்கு. கோவைக் குற்றாலம் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சிறுவாணியில் மழை கொட்டும்போது வெள்ளம் வந்து அருவியைப் பல நாட்கள் மூடிவைப்பார்கள். தண்ணீரும் இருந்து அனுமதியும் இருக்கும் காலம் என்றால் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. கொல்லிமலைக்கு இரண்டு பருவமும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தாலும் ஐயாற்றைப் பெருக்குவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் பின்பாதியும் நவம்பரும் தண்ணீர் மிரட்டும், சில நாட்கள் படியிறங்கவே விட மாட்டார்கள். டிசம்பர், ஜனவரி பக்குவமான மாதங்கள். மார்ச்சுக்குப் பிறகு மெலிந்துவிடும். ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா நடக்கும்போது கொல்லிமலைக்குக் கூட்டம் அலைமோதும். விழா பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். அருவிக்காகப் போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது, படியில் எதிரெதிராக ஆள் நெரியும்.

ஆகவே வேனில் இருப்பவர்கள் யார் என்பதோடு மாதம் என்ன என்பதும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறது. செப்டம்பர் என்றால் கோவைக் குற்றாலம். ஜனவரி என்றால், கால் நன்றாக இருப்பவர்களுக்கு ஆகாய கங்கை. ஏப்ரல், மே மாதத்தில் மூன்றுக்குமே நான் "வேண்டாம்" என்பேன்.

மழை என்றதும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மலையிடுக்கில் இருக்கும் அருவிகளின் பெரிய ஆபத்து ஆழமோ வழுக்கலோ இல்லை, மேலே எங்கோ பெய்யும் மழை. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புக் காட்டில் ஒரு மேகம் கொட்டித் தீர்த்திருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதும் வந்து சேர்வது இந்த ஒரே இடுக்குக்குத்தான். 2024 மே 17 அன்று தென்காசிப் பக்கத்துப் பழைய குற்றாலத்தில் நடந்தது அதுதான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் காட்டாறு திடீரென்று இறங்கியது, 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது சாலையோர அருவி, ஓட இடம் இருந்தது. ஆகாய கங்கையின் அடியில் வெளியேற இருப்பது அந்த ஒரே படிக்கட்டு. தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாவது, இலை சருகு குச்சி சேர்ந்து வருவது, அருவிச் சத்தத்தில் ஒரு முரட்டுத்தனம் ஏறுவது: இதில் எது தெரிந்தாலும் செருப்பைத் தேடக்கூடாது, துணியை எடுக்கக்கூடாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் உயரமாக ஏறிவிட வேண்டும். அருவியை மூடி வைத்திருக்கும் நாளில் வாசலில் நிற்கும் ஊழியரோடு வாதாடுகிறவர்களைப் பார்க்கும்போது இதுதான் எனக்குத் தோன்றும். அவர் மூடியது இங்கே பெய்த மழைக்காக இல்லை.

"படியெல்லாம் வேண்டாம், அசல் காட்டுவழிதான் வேண்டும்" என்கிற ஆட்களும் உண்டு. அவர்களுக்கு ஆகாய கங்கைக்கே இன்னொரு வழி இருக்கிறது. விழுந்த ஐயாறு இடுக்கு வழியாகவே ஓடித் திருச்சி மாவட்டத்தின் புளியஞ்சோலையில் அடிவாரத்தைத் தொடுகிறது. அங்கிருந்து ஓடையை ஒட்டி மேலே ஏறி அருவியின் காலடிக்கு வரலாம். நடைக்கு இதுதான் அழகான வழி, ஏற்றம் முதலில் வருகிற வழியும்கூட. ஆனால் வனத்துறை அனுமதியும் வழி தெரிந்த ஆளும் இல்லாமல் அதை நினைக்கவே கூடாது. 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் அனுமதியில்லாமல் காட்டுக்குள் மலையேற்றம் போவது விளையாட்டுக் காரியம் இல்லை. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டியோடு, இணையத்தில் பதிவு செய்யும் வசதியோடு திறந்தது. கோடையில் தீ அபாயம் உள்ள வாரங்களில் அவற்றையும் நிறுத்திவைக்கிறார்கள். காட்டு நடைதான் ஆசை என்றால் அந்தப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

குற்றாலத்துச் செண்பகாதேவியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பேரருவிக்கு மேலே இரண்டு கிலோமீட்டர், சிற்றாற்றை ஒட்டிய நிழல் பாதை, ஏறிப் போய் இறங்கி வரும் வரிசை. எல்லாப் பொருத்தமும் இருக்கிறது, அனுமதியைத் தவிர. சித்ரா பௌர்ணமி விழாவுக்கு அம்மன் கோவிலுக்குப் போக விடுவார்கள். மற்றபடி நினைத்த ஞாயிற்றுக்கிழமையில் கிளம்பிப் போக முடியாத இடத்தை இந்தப் பந்தயத்தில் சேர்ப்பது நியாயமில்லை.

போக்குவரத்தில் மூன்றுக்கும் வித்தியாசம் பெரியது. கோவைக் குற்றாலத்துக்கு மலைப்பாதையே இல்லை என்று சொல்லலாம், அடிவாரத்தோடு சரி. ஏற்காட்டுக்குச் சேலம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70. வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருப்பார்கள். பையன் முதல் இருபது வரை சத்தமாக எண்ணுவான், அப்புறம் வண்டியில் சத்தம் அடங்கிவிடும். முள்ளுக்குறிச்சி வழியாகப் போனால் வளைவு குறைவு. வாந்தி வருகிற ஆள் வண்டியில் இருந்தால் அந்த வழியைப் பிடிப்பது புத்திசாலித்தனம். ஓட்டுபவர் மலைப்பாதைக்குப் புதியவர் என்றால் நாமக்கல்லிலிருந்து அரசுப் பேருந்தில் ஏறிவிடலாம். அந்த ஓட்டுநர்களுக்கு 70 வளைவும் தூக்கத்திலும் தெரியும்.

இத்தனை சொல்லியும் வேனில் பாதிப் பேர் ஆகாய கங்கை, பாதிப் பேர் முடியாது என்றால்? பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். அப்போது கொல்லிமலைக்கே போங்கள், ஆனால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆட்களாக, எட்டரை ஒன்பது மணிக்குத் திறந்ததும் தெம்புள்ளவர்கள் படியிறங்கட்டும். மற்றவர்களுக்கு மேலே அறப்பளீசுவரர் கோவில் இருக்கிறது, பக்கத்து ஓடையில் மீன்களுக்குப் பொரி போடலாம், அன்னாசிப்பழம் வெட்டி மிளகாய்த்தூள் தூவி விற்பார்கள், சூப்பும் இருக்கிறது. படியில் கைப்பேசிச் சிக்னலை நம்ப வேண்டாம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். இறங்க முக்கால் மணி, குளிக்க ஒரு மணி, ஏற ஒன்றரை மணி என்று தாராளமாக வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் மேலே இருப்பார்கள். பிற்பகலில் போய் நின்றால் நுழைவையே மூடியிருப்பார்கள். சாப்பிட்டுவிட்டு முழுக் குடும்பமும் மாசிலா அருவிக்குப் போகலாம். அதே மலை, கொஞ்சம் படிகள்தான். தண்ணீர் உயரத்திலிருந்து விழாது, பாறையில் வழிந்து வரும். மாமியாரும் சித்தப்பாவும் அங்கே குளித்துக்கொள்ளலாம். காலையில் ஆகாய கங்கை போனவர்கள் கரையில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களை எழுப்ப வேண்டாம்.